‘ராப்சடி இன் ப்ளூ’: எந்த ஸ்கோர், எந்த வேகம், அந்த முதல் கிளாரினெட் இழுப்பு

கேள்வியில் இரண்டு பகுதிகள் இருந்தன. அமெரிக்க இசையமைப்பாளர் ஜார்ஜ் கெர்ஷ்வின், தனிப் பியானோவும் குழுவும் சேர்ந்து வாசிக்க எழுதிய ‘ராப்சடி இன் ப்ளூ’ எப்படிப் பிறந்தது என்பது ஒன்று. அதே படைப்பு ஒரு பதிவில் துள்ளலாகவும் இன்னொன்றில் கனத்த சிம்ஃபொனி போலவும் ஒலிப்பது ஏன், எதை மூலமாக எடுத்துக்கொள்வது என்பது இன்னொன்று. இரண்டாவதற்கான விடை முதலாவதற்குள்ளேயே இருக்கிறது. இது சிம்ஃபொனி ஆர்க்கெஸ்ட்ராவுக்காக எழுதப்பட்டதே அல்ல. நியூயார்க்கின் ஒரு நடன பேண்டுக்காக, அதில் வாசித்த ஒவ்வொருவரின் கைவாகையும் மனதில் வைத்து, சுமார் ஐந்து வாரத்தில் உருவானது. இதை மறந்துவிட்டு வாசிக்கும்போதுதான் அது கனத்துப்போகிறது.

1924 ஜனவரி தொடக்கத்தில் கெர்ஷ்வினுக்கு வயது 25. ‘ஸ்வானி’ பாட்டு மூலம் பெயர் வாங்கிய, பிராட்வே மேடைக்கு மெட்டுப் போடும் இளைஞர். பால் வைட்மன் அப்போது அமெரிக்காவிலேயே அதிகம் பேசப்பட்ட நடன பேண்டின் தலைவர். 1922இல் கெர்ஷ்வின் எழுதிய ‘ப்ளூ மண்டே’ என்ற குட்டி ஆபராவை மேடையில் நடத்தியவர் அவர். முதல் இரவோடு அதை நிகழ்ச்சியிலிருந்து தூக்கிவிட்டார்கள் என்றாலும், இந்தப் பையனிடம் பெரிதாக ஏதோ இருக்கிறது என்ற எண்ணம் வைட்மனுக்கு விழுந்துவிட்டது. ஜாஸை கச்சேரி மேடைக்குக் கொண்டுவரும் நிகழ்ச்சி ஒன்றைப் பற்றி இருவரும் பேசியிருந்தார்கள், ஆனால் கெர்ஷ்வின் உறுதியாக எதுவும் சொல்லியிருக்கவில்லை. ஜனவரி 3ஆம் தேதி இரவு கெர்ஷ்வின் பில்லியர்ட்ஸ் ஆடிக்கொண்டிருந்தபோது, அண்ணன் ஐரா மறுநாள் தேதியிட்ட நியூயார்க் ட்ரிப்யூனில் ஒரு செய்தியைப் பார்த்தார். வைட்மனின் கச்சேரிக்காக கெர்ஷ்வின் ஒரு ஜாஸ் கான்சர்ட்டோ (தனி வாத்தியமும் குழுவும் சேர்ந்து வாசிக்கும் பெரிய படைப்பு) எழுதிக்கொண்டிருக்கிறார் என்று அதில் இருந்தது. போட்டி பேண்ட் தலைவர் ஒருவர் முந்திக்கொள்வாரோ என்ற பயத்தில் வைட்மன் அவசரப்பட்டிருந்தார். மறுநாள் தொலைபேசியில் கெர்ஷ்வின் தயங்கினார். பிறகு ஒப்புக்கொண்டார், ஆனால் முழு கான்சர்ட்டோவாக இல்லாமல் வடிவத்தில் கட்டுப்பாடு குறைந்த ஒரு ராப்சடியாக. கையெழுத்துப் பிரதியில் ஜனவரி 7 என்று தேதி இருக்கிறது.

பாஸ்டனுக்குப் போகும் ரயிலின் தடதடப்பில் முழு அமைப்பும் தன் காதில் விழுந்தது என்று கெர்ஷ்வின் சொன்ன கதை எல்லா நிகழ்ச்சிக் குறிப்பேட்டிலும் வரும். அவர் அதைத் தன் வாழ்க்கை வரலாற்றாசிரியர் ஐசக் கோல்ட்பெர்க்கிடம் சொன்னது ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு, படைப்பு உலகப்புகழ் பெற்ற பின். பொய் என்று சொல்லவில்லை. ரயில் ஓட்டம் இசையில் உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் மொத்தப் படைப்பையும் ஒரு ரயில் பயணச் சித்திரமாகக் கேட்க வேண்டியதில்லை. பெயரும் முதலில் ‘அமெரிக்கன் ராப்சடி’யாகத்தான் இருந்தது. விஸ்லரின் ஓவியங்களுக்கு வண்ணத்தையும் இசை வடிவத்தையும் சேர்த்துப் பெயர் வைத்திருப்பதைக் கண்காட்சியில் பார்த்துவிட்டு வந்த ஐராதான் இந்தத் தலைப்பைக் கொடுத்தார்.

இனி முக்கியமான ஆள்: ஃபெர்டி க்ரோஃபே. வைட்மனின் பேண்டுக்கு வாத்தியப் பங்கீடு செய்பவர். கெர்ஷ்வின் இரண்டு பியானோவுக்கான அமைப்பில் எழுதத் தர, க்ரோஃபே அவர் வீட்டுக்கே போய்ப் பக்கம் பக்கமாக வாங்கிவந்து பேண்டுக்கு எழுதினார். பிப்ரவரி 4இல் முடித்தார். கச்சேரிக்கு இருந்தது எட்டு நாள். அந்த ஸ்கோரில், அதாவது எல்லா வாத்தியங்களின் பங்கும் எழுதப்பட்ட இசைத்தாளில், பல இடங்களில் வாத்தியத்தின் பெயருக்குப் பதிலாக வாசிப்பவரின் பெயரே இருக்கும்: ராஸ், பஸ்ஸி, மைக். ராஸ் கோர்மன் கிளாரினெட், சாக்ஸபோன், ஓபோ என்று மாற்றி மாற்றி எடுப்பவர். ஹென்றி பஸ்ஸி ட்ரம்பெட், மைக் பிங்கிடோர் பாஞ்சோ. மரக்குழல் பகுதியை மூன்றே பேர் பார்த்துக்கொண்டார்கள். தந்தி வாத்தியத்தில் வயலின்கள் உண்டு. வயோலாவும் செல்லோவும் கிடையாது. பாஸ் வாசித்தவர்களே டூபாவையும் எடுத்தார்கள். பிப்ரவரி 12, செவ்வாய்க்கிழமை பிற்பகல், ஏயோலியன் ஹால்: ‘நவீன இசையில் ஒரு பரிசோதனை’ என்ற நீண்ட நிகழ்ச்சியில் கடைசிக்கு முந்தைய உருப்படியாக இது வந்தது. பியானோவில் கெர்ஷ்வினே அமர்ந்தார். தனி வாசிப்பில் சில பக்கங்கள் அன்று வரை காகிதத்தில் இல்லை. ‘தலையசைப்புக்காகக் காத்திருக்கவும்’ என்று வைட்மனுக்கு ஸ்கோரில் குறிப்பு மட்டும் இருந்தது. கெர்ஷ்வின் வாசித்து முடித்துத் தலையசைத்தால் பேண்ட் உள்ளே வரும்.

பிறகு க்ரோஃபே இதை இரண்டு முறை பெரிதாக்கினார். 1926இல் தியேட்டர் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு ஒன்று. 1942இல் முழு சிம்ஃபொனி ஆர்க்கெஸ்ட்ராவுக்கு வெளியானது இன்னொன்று. கெர்ஷ்வின் 1937 ஜூலையிலேயே இறந்துவிட்டார். ஆக, உலகம் முழுக்க இன்று அதிகம் ஒலிக்கும் வடிவம் அவர் இறந்து ஐந்தாண்டு கழித்து வந்தது. அதில் சாக்ஸபோனும் பாஞ்சோவும் இருக்கின்றன, ஆனால் அவை இல்லாமலும் ஓட்டிவிடலாம் என்ற மாதிரி எழுதப்பட்டிருப்பதால் பல ஆர்க்கெஸ்ட்ராக்கள் அவற்றை விட்டுவிடுகின்றன. இங்கேதான் முதல் தவறு நடக்கிறது. பாஞ்சோ வெறும் அலங்காரமல்ல. ஒவ்வொரு அடியையும் வெட்டிக் காட்டுவது அதன் வேலை. அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் முப்பது, நாற்பது தந்தி வாத்தியங்களை வைத்தால் ஒலி தடித்துப்போகும், நடத்துநர் விரும்பாவிட்டாலும் காலப்பிரமாணம் இறங்கும். 1942 ஸ்கோர்தான் கையில் இருக்கிறது என்றால் பாஞ்சோவையும் மூன்று சாக்ஸபோன்களையும் கண்டிப்பாக அமர்த்த வேண்டும், தந்தி வாத்தியங்களின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். இரண்டே மாற்றம்தான், பாதிக் கனம் போய்விடும்.

இனி அந்தத் தொடக்கம். கிளாரினெட் கீழ் ஸ்தாயியில் ஒரு ட்ரில்லில் (பக்கத்துப் பக்கத்து இரண்டு ஸ்வரங்களை வேகமாக மாற்றி மாற்றி வாசிப்பது) ஆரம்பித்து, அங்கிருந்து இரண்டரை ஸ்தாயி மேலே வழுக்கிக்கொண்டு போகும். கெர்ஷ்வின் எழுதியது வழுக்கல் அல்ல, 17 ஸ்வரங்கள் கொண்ட ஏறுவரிசை. ஒத்திகையில் கோர்மன் விளையாட்டாக மேல் பாதியை இழுத்து, அழுவது போல வாசித்துக் காட்ட, கெர்ஷ்வினுக்கு அது பிடித்துப்போய் அப்படியே வைத்துக்கொள்ளச் சொன்னார். நம் ஊர்க் காதுக்கு இது ஜாரு, ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகும் கமகம். வயலினிலோ நாதஸ்வரத்திலோ அது இயல்பாக வரும். கிளாரினெட்டில் வளையங்களும் சாவிகளும் ஸ்வரங்களைத் தனித்தனியாக நறுக்கிவிடுவதால் மெனக்கெட வேண்டும்.

செய்முறை இது. பி ஃப்ளாட் கிளாரினெட்டுக்கான தாளில் (பார்ட்) ட்ரில் எழுதியிருப்பது கீழ் ஜி ஸ்வரத்தில். காதில் விழுவது எஃப். அதற்கு இடது பெருவிரலோடு இரண்டு கைகளிலும் மும்மூன்று விரல்கள் துளைகளை மூடியிருக்கும். அங்கிருந்து பார்ட்டில் நடு டி வரை இழுக்க முயலவே கூடாது. அந்தப் பகுதியில் வாத்தியம் வளைந்து கொடுக்காது. ரெஜிஸ்டர் சாவிக்கு (ஒலியை மேல் ஸ்தாயிக்குத் தாவவைக்கும் சாவி) மாறும் இடமும் நடுவில் வருகிறது. அங்கே வழுக்கினால் ஒலி உடைந்து கீச்சிடும். ஆகவே டி வரை விரலால் வேகமான ஸ்வர ஓட்டம், அதுவும் ஒவ்வொரு ஸ்வரமும் தனியாகத் தெரியாத அளவுக்கு வேகம். டி ஸ்வரத்துக்கு வந்ததும் கவனியுங்கள்: விரல்களின் நிலை ட்ரில் தொடங்கிய அதே நிலை, ரெஜிஸ்டர் சாவி மட்டும் கூடுதல். போய்ச் சேர வேண்டிய மேல் சி ஸ்வரத்துக்குப் பெருவிரல் துளையைத் தவிர மற்ற ஆறும் திறந்திருக்க வேண்டும். அதனால் வலது மோதிர விரலில் தொடங்கி இடது ஆள்காட்டி விரல் வரை ஒவ்வொரு விரலையும் தூக்காமல், துளையின் மேலிருந்து பக்கவாட்டில் மெல்ல உருட்டி விலக்கினால், டி முதல் சி வரை இடைவெளியில்லாத ஒரு பாதை கிடைக்கிறது.

விரல் மட்டும் போதாது, பாதி வேலை வாய்க்குள் நடக்கிறது. விரல்கள் திறக்கத் திறக்க சுருதி படிப்படியாகத் தாவப் பார்க்கும். அதைக் கீழே பிடித்து வைப்பது நாக்கும் தொண்டையும். நாக்கின் பின்பகுதியை இறக்கி, கீழுதட்டின் அழுத்தத்தைச் சற்றே தளர்த்தி, பிறகு மெல்ல மெல்ல விட்டுக்கொடுக்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் வாசிப்பவர்களின் வாய்க்குள் அளந்து பார்த்து, 2009இல் இதை வெளியிட்டார்கள். மேல் ரெஜிஸ்டரில், வாய்க்குழியின் ஒத்ததிர்வை வாசிக்கும் ஸ்வரத்துக்கு அருகே கொண்டுவந்து, விரல் சொல்லும் ஸ்வரத்துக்கு நன்கு கீழே ஒலியைப் பிடித்து வைக்கிறார்கள் தேர்ந்த வாசிப்பாளர்கள். கீழ் ரெஜிஸ்டரில் இந்த வித்தை அவ்வளவாகப் பலிப்பதில்லை. கீழ்ப் பாதியை ஓடி, மேல் பாதியை இழுப்பது என்ற மரபு இந்த இயற்பியலோடு அப்படியே பொருந்துகிறது.

பயிற்சியை மேலிருந்து தொடங்குவது நல்லது. மேல் சி ஸ்வரத்தை விரலில் பிடித்துக்கொண்டு, வாயால் மட்டும் அரை ஸ்வரம், பிறகு ஒரு முழு ஸ்வரம், பிறகு இன்னும் கீழே இறக்கிப் பழக வேண்டும். அது கைவந்த பிறகு விரல்களைச் சேர்க்கலாம். சீவாளி கொஞ்சம் மெல்லியதாக இருந்தால் வளைப்பது சுலபம், ஆனால் மிகவும் மெலிந்தால் உச்சியில் சுருதி நிற்காமல் தொய்யும். வழக்கமாகக் கெட்டுப்போகும் இடங்கள் மூன்று. உச்சிக்கு மிக வேகமாகப் போய்ச் சேர்ந்து, அங்கே நின்று மீதி நேரத்தை ஓட்டுவது முதலாவது. பதற்றமெல்லாம் ஏற்றத்தில்தான் இருக்கிறது, அதிலும் கடைசி இரண்டு மூன்று ஸ்வரங்களில்தான் அதிக நேரம் எடுக்க வேண்டும். இழுக்கும்போது காற்றைக் குறைப்பது இரண்டாவது. ஒலி நடுவில் செத்துவிடும். மூன்றாவது நடத்துநரின் தவறு: இந்த நேரத்தில் கோலால் அடி போட்டுக்கொண்டிருப்பது. ட்ரில்லுக்கு ஒரு சைகை கொடுத்துவிட்டுக் கையைக் கீழே வைத்து, உச்சி ஸ்வரம் விழுந்ததும் அடுத்த அடியைக் கொடுத்தால் போதும்.

அந்த உச்சியிலிருந்து இறங்கும் மெட்டில்தான் ‘ப்ளூ’ இருக்கிறது. காந்தாரமும் நிஷாதமும் ஒரு முறை மேலே, ஒரு முறை கீழே என்று இடம் மாறிக்கொண்டே இருக்கும். அந்தரமா சாதாரணமா, காகலியா கைசிகியா என்று காது தீர்மானிப்பதற்குள் மெட்டு நகர்ந்துவிடும். உடனே ட்ரம்பெட் இதைத் திருப்பிச் சொல்லும்போது வாயில் பொருத்தும் ஊமைக்குப்பியால் (ம்யூட்) ‘வா-வா’ என்று பேச வேண்டும். சிம்ஃபொனி ட்ரம்பெட்காரர்கள் பலர் சாதாரண ம்யூட்டைப் போட்டு ஒழுங்காக வாசித்துவிட்டுப் போய்விடுவார்கள். பஸ்ஸி அப்படி வாசித்தவர் அல்ல.

வேகத்துக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் கேள்வியின் மையம் அது. நம்மிடம் கெர்ஷ்வினே வைட்மன் பேண்டோடு வாசித்த இரண்டு பதிவுகள் இருக்கின்றன. 1924 ஜூன் 10இல், மைக்ரோஃபோன் இல்லாத பழைய முறையில், ஒலிக்குழாய்க்கு முன் வாசித்தது ஒன்று. 1927 ஏப்ரல் 21இல் மைக்ரோஃபோனில் பதிவானது மற்றொன்று. இரண்டாவது அமர்வில் வைட்மனோடு உரசல் ஏற்பட்டு, நதானியல் ஷில்க்ரெட் நடத்தினார். இரண்டுமே 12 அங்குலத் தட்டின் இரு பக்கத்துக்குள் அடங்க வேண்டியிருந்ததால் சுமார் 9 நிமிடம்தான். வெட்டில்லாமல் வாசித்தால் 16, 17 நிமிடம் வரும். தட்டில் அடக்கத்தான் வேகமாக வாசித்தார்கள் என்று சிலர் இதைத் தள்ளிவிடுவார்கள். அந்த வாதம் எனக்கு ஏற்புடையதாக இல்லை. நீளத்தைக் குறைத்தது வெட்டுகள். வேகம் அவர் கையின் இயல்பு. தனி வாசிப்புகளில் அவர் எங்கும் உருகி நிற்பதில்லை. இடது கை அசையாத கடிகாரமாக ஓட, வலது கை அதன் மேல் விளையாடுகிறது. நியூயார்க்கின் கறுப்பினப் பகுதியான ஹார்லெமில் அவர் தேடித் தேடிக் கேட்ட ‘ஸ்ட்ரைட்’ பாணி ஜாஸ் பியானோக்காரர்களின் வழி அது.

1920களின் பியானோ ரோலையும், அதாவது தானியங்கிப் பியானோவை ஓட்டும் துளையிட்ட காகிதச் சுருளையும், சிலர் ஆதாரமாகக் காட்டுவார்கள். நடத்துநர் மைக்கேல் டில்சன் தாமஸ் 1976இல் அந்த ரோலில் ஆர்க்கெஸ்ட்ரா பகுதிக்கான துளைகளை மூடிவிட்டு, தனிப் பியானோவை மட்டும் ஒலிக்கவைத்து, 1924 பேண்ட் வடிவத்தை அதனோடு சேர்த்துப் பதிவு செய்தார். கேட்கப் பரபரப்பாக இருக்கும். பேண்ட் மூச்சுவாங்க ஓடும். ஆனால் ரோலின் வேகம் ஓட்டும் இயந்திரத்தின் அமைப்பைப் பொறுத்தது, ரோல்களைப் பின்னால் திருத்துவதும் அன்றைய வழக்கம். மனிதன் மனிதனோடு சேர்ந்து வாசித்த 1924, 1927 தட்டுகளையே மேலான சாட்சியாகக் கொள்ள வேண்டும்.

ஸ்விங் பற்றி ஒரு எச்சரிக்கை. ஜாஸ் என்றதும் எட்டாம் பாக ஸ்வரங்களையெல்லாம் நெடில்-குறிலாக ஆட்டிவிடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அந்த ஆட்டம் பெரிய பேண்டுகளின் பொது மொழியானது 1930களில். 1924 பதிவில் பேண்ட் பெரும்பாலும் நேராகத்தான் வாசிக்கிறது, ஜாஸுக்கு முந்தைய ராக்டைம் இசைக்கு நெருக்கமாக. துள்ளல் வருவது அழுத்தம் விழும் இடத்தால்.

மெதுவான மெட்டு, அதாவது எல்லோருக்கும் தெரிந்த அந்த விரிந்த பாட்டு, ஈ மேஜரில் வருகிறது. படைப்பு தொடங்குவதும் முடிவதும் பி ஃப்ளாட்டில். பி ஃப்ளாட்டை ஷட்ஜமாக வைத்தால் ஈ பிரதி மத்யமம். மேற்கத்திய இசையில் ஒரு சுருதியிலிருந்து இதைவிட தூரமாகப் போக முடியாது. அதனால்தான் அது வேறொரு ஊருக்குள் நுழைந்தது போலத் திறக்கிறது. இங்கே குறிப்பு ‘ஆண்டன்டினோ மாடரேட்டோ’. நடக்கும் வேகம், நிற்கும் வேகமல்ல. மெட்டில் நீண்ட ஸ்வரம் வரும் ஒவ்வொரு முறையும் உள்ளே ஹார்ன்கள் அரை அரை ஸ்வரமாக நகரும் ஒரு எதிர்மெட்டைத் தட்டிக்கொண்டிருக்கின்றன. பகுதியை நகர்த்துவது அந்த உள்குரல்தான். தந்திகள் முழு வில்லோடு பாடினால் அது மூழ்கி, மேலே இருப்பது வெறும் சினிமாக் காதல் காட்சியாகிவிடும். ஒத்திகையில் மெட்டை நிறுத்தி, ஹார்ன்களை மட்டும் ஒரு முறை வாசிக்கவைத்தால் மொத்தக் குழுவுக்கும் காலம் எங்கே ஓடுகிறது என்று புரிந்துவிடும்.

அதை அடுத்து, ஒரே ஸ்வரத்தை இரு கைகளாலும் மாற்றி மாற்றித் தட்டும் ‘அஜிட்டாட்டோ’ பகுதியைப் பெரும்பாலான பியானோக்காரர்கள் உச்ச வேகத்தில் தொடங்கி, பிறகு ஏற இடமில்லாமல் தவிக்கிறார்கள். பெயரிலேயே ‘மர்மமாக’ என்று பொருள்படும் ‘மிஸ்டெரியோஸோ’வும் சேர்ந்திருக்கிறது. தாழ்ந்த ஒலியில், பெடல் இல்லாமல் ஆரம்பிக்க வேண்டும்.

வெட்டுகள் குற்றமா? கெர்ஷ்வினே வெட்டித்தான் பதிவு செய்தார். 1955இல் நடத்துநரும் இசையமைப்பாளருமான லெனார்ட் பெர்ன்ஸ்டைன், இது ஒரு கட்டமைப்பு அல்ல, பத்திகளை ஒட்டிய தொடர், எதை எடுத்தாலும் மீதி நடக்கும் என்ற பொருளில் எழுதினார். மெட்டுகளை அதே கட்டுரையில் மனதாரப் புகழவும் செய்தார். பிறகு 1959இல் அவரே பியானோ வாசித்து நடத்திய பதிவுதான் பல தலைமுறைகளுக்கு இந்தப் படைப்பின் முகமானது. தாராளமான, விரிந்த வாசிப்பு அது, எனக்கும் பிடிக்கும். ஆனால் அது பெர்ன்ஸ்டைனின் ராப்சடி, 1942 ஸ்கோரின் ராப்சடி. நீங்கள் ‘கனமாக’ என்று சொன்ன வகைக்கு ஊற்றும் அந்தப் பக்கம்தான்.

பொருள் என்ன என்பதற்கு ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் கலவையை, பெருநகரத்தின் பித்தை இதில் கேட்டதாகக் கெர்ஷ்வின் பின்னாளில் சொன்னார். அந்தக் கலவையில் ப்ளூஸ், ராக்டைம், ஸ்ட்ரைட் ஆகிய மூன்றும் கறுப்பின இசைஞர்களிடமிருந்து வந்தவை. ஏயோலியன் ஹால் மேடையில் இருந்தவர்களோ வெள்ளையர்கள். நூற்றாண்டு நிறைவான 2024இல் இந்தக் கேள்வி மறுபடி சூடாகப் பேசப்பட்டது, பேசப்பட வேண்டியதுதான். அதற்கு இசையாலேயே வந்த பதிலும் உண்டு. ஹார்லெமின் முதன்மை ஸ்ட்ரைட் கலைஞர் ஜேம்ஸ் பி. ஜான்சன் 1927இல் ‘யாமக்ரா’ என்ற ராப்சடியை எழுதினார். வில்லியம் கிராண்ட் ஸ்டில் அதற்கு வாத்தியப் பங்கீடு செய்ய, 1928இல் கார்னகி ஹாலில் ஃபேட்ஸ் வாலர் பியானோ வாசித்தார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், கெர்ஷ்வினின் இடது கை எங்கிருந்து வந்தது என்பதற்கு விளக்கமே தேவைப்படாது.

கேட்கும் வரிசை வேண்டுமென்றால்: முதலில் 1924 தட்டு, கரகரப்பைப் பொருட்படுத்தாமல், கோர்மனின் இழுப்புக்காக. அடுத்து 1927. பிறகு 1924 பேண்ட் ஸ்கோரை முழுமையாக வாசித்த ஏதாவது ஒரு நவீன பதிவு. நடத்துநர் மாரிஸ் பெரெஸ் அந்தப் பழைய கச்சேரியையே 1984இல் மீட்டெடுத்து வாசித்தது நல்ல தேர்வு. அதன் பிறகு பெர்ன்ஸ்டைன் 1959. கடைசியாக ஜாஸ் பியானோக் கலைஞர் மார்கஸ் ராபர்ட்ஸின் 1996 பதிவு. தனிப் பகுதிகளை அவர் கற்பனையாக விரித்து வாசிக்கிறார். தூய்மைவாதிகள் முகம் சுளிப்பார்கள். ஆனால் முதல் நாள் கச்சேரியில் அந்தப் பக்கங்கள் காலியாக இருந்ததையும், வைட்மன் தலையசைப்புக்காகக் காத்து நின்றதையும் வைத்துப் பார்த்தால், ராபர்ட்ஸுக்கு அந்த உரிமையை மறுக்க எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.